பொட்டி ஏன் கத்தல?

கோயம்புத்தூரில் திருட்டு அலாரம் மாட்டும் தொழிலுக்கு நான் வந்த காலத்தில் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கொட்டேஷன் தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் சில வரிகள் அச்சாகியிருக்கும், அவ்வளவுதான். பார்ட்டி முன்பக்கத்தில் விலையைப் பார்ப்பார், ஒரு ஜோனுக்கு இவ்வளவா என்று பேரம் பேசுவார், கையெழுத்துப் போடுவார். பின்பக்கத்தை அவரும் படித்ததில்லை, விற்கப்போன பையனும் படித்ததில்லை. அந்த வாசகங்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். பேனல் இறக்குமதி செய்து விற்ற மும்பை டீலர் தன் காகிதத்தில் போட்டிருந்தது அது. அவர் ஏதோ அமெரிக்கக் கம்பெனியின் படிவத்திலிருந்து எடுத்திருந்தார். எங்கள் ஊரிலேயே இன்னொரு நிறுவனத்தின் தாளில் "வழக்கு வந்தால் நியூயார்க் மாநிலச் சட்டமே செல்லும்" என்ற வரிகூடக் கை படாமல் அப்படியே இருந்தது. பெரிய கடை வீதி நகைக்கடைக்காரர் ஒருவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வரிகள் சொல்வது இதுதான். நாங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. திருட்டு நடக்காது என்று உத்தரவாதம் தரவில்லை. எங்கள் தவறே ஆனாலும் நாங்கள் கொடுக்க வேண்டியது இத்தனை ரூபாய்க்கு மேல் போகாது. வழக்குப் போடுவதென்றால் ஓராண்டுக்குள் போட்டுவிட வேண்டும். கேட்க அடாவடியாக இருக்கும். ஆனால் முதல் மூன்றிலும் நியாயம் உண்டு. ஒரு குடோனுக்கு ஆண்டுப் பராமரிப்பு, அதாவது ஏ.எம்.சி., 4,000 ரூபாய் வாங்குகிறோம் என்று வையுங்கள். உள்ளே 40 லட்ச ரூபாய்ச் சரக்கு கிடக்கும். அது என்ன சரக்கு, எவ்வளவு என்று எங்களிடம் யாரும் சொல்வதில்லை. அடுத்த வாரம் அதுவே இரண்டு மடங்காகலாம். அந்த 4,000 ரூபாயில் பேட்டரி, டெக்னீஷியன் சம்பளம், பெட்ரோல் எல்லாம் போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு 40 லட்சத்துக்கு யாரும் ஜவாப்தாரி ஆக முடியாது. அதற்கென்று வேறொரு தொழில் இருக்கிறது. அவர்கள் சரக்கின் மதிப்பைக் கேட்டு அதற்குத் தக்கபடி பிரீமியம் வாங்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வரிகள் எல்லா நேரமும் செல்லுபடியாவதில்லை. 1992இல் நியூயார்க்கின் உச்சபட்ச மாநில நீதிமன்றம் ஒரு தீ விபத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மன்ஹாட்டனில் ஓர் உயரமான கட்டடம். தீ எச்சரிக்கை சிக்னல் கண்காணிப்பு நிலையத்துக்கு ஒழுங்காகவே வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அன்று முன்னதாக, சிஸ்டத்தை நிறுத்தி வையுங்கள், மறுபடி போடுங்கள் என்று கட்டடத்திலிருந்து போன் வந்ததில் குழப்பம். கட்டடம் இன்னும் நிறுத்தத்தில்தான் இருக்கிறது என்று நினைத்த பணியாளர் தீயணைப்புத் துறைக்குச் சொல்லவில்லை. சாதாரண கவனக்குறைவுக்கு ஒப்பந்த வரி காப்பாற்றும், படுமோசமான அலட்சியம் என்று நிரூபணமானால் எந்த வரியும் காப்பாற்றாது என்பது தீர்ப்பின் சாரம். எங்கள் ஊர்க்காரர்கள் படிவத்தைக் காப்பி அடித்தார்கள். அதன் கூடவே வந்த தீர்ப்பை யாரும் காப்பி அடிக்கவில்லை.

இந்தியாவில் என்ன நிலை? எங்கள் பக்கத்துக்குச் சாதகமாக வக்கீல்கள் முதலில் எடுத்து நீட்டுவது 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு. ஏற்றுமதி ஆவணங்களைக் கூரியரில் அனுப்பினார்கள், போய்ச் சேரவில்லை, சரக்கு வாங்கிய ஜெர்மனிக்காரர் பணத்தைக் குறைத்துவிட்டார். மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 100 டாலராக்கியது, ஏனென்றால் கையெழுத்துப் போட்ட கூரியர் சீட்டில் பொறுப்பின் வரம்பு 100 டாலர் என்று இருந்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கையெழுத்துப் போட்டவர் அந்த வரம்புக்குக் கட்டுப்பட்டவர் என்று வந்த அந்தத் தீர்ப்பை எங்கள் தொழிலில் பலர் தாயத்துப்போல் கட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அது மட்டும் போதாது என்று சொல்லும் தீர்ப்பு 2021 பிப்ரவரியில் வந்தது. கொல்கத்தாவில் ஒருவரின் லாக்கரை, வாடகை கட்டவில்லை என்று சொல்லி வங்கியே உடைத்துவிட்டது. அவரோ வாடகை கட்டியிருந்தார். நகைகளில் சிலதான் திரும்பின. லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, ஆகவே பொறுப்பில்லை என்று வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதிவைத்துக் கையைக் கழுவ முடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஆறு மாதத்தில் விதி வகுக்கச் சொன்னது. ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது. தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி என்றால் லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும். லாக்கர் அறை நுழைவாயிலின் கேமரா பதிவு குறைந்தது 180 நாள் இருக்க வேண்டும். இது வங்கிகளுக்கான விதி, அலாரம்காரனுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டியது. எனக்கு அந்த விதியில் பிடித்தது, பொறுப்புக்கு ஒரு கணக்கு வைத்ததுதான். முழுப் பொறுப்பும் இல்லை, சுத்தமாகக் கைவிரிக்கவும் முடியாது.

அடுத்து, ஓராண்டுக்குள் வழக்கு என்கிற அந்த நாலாவது வரி. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் செல்லாது என்கிறது. சட்டம் தந்திருக்கும் காலக்கெடுவை ஒப்பந்தம் போட்டுக் குறைக்க முடியாது. சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு என்றால் அதுதான். 1997இல் திருத்தம் வந்த பிறகு இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனாலும் இன்றைக்கும் புதிதாக அச்சடிக்கும் தாள்களில் அந்த வரி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாகவே வரையறுத்திருக்கிறது. மீறலுக்குப் பொருந்தாத பெரிய அபராதம், ஒருதலையாக ரத்து செய்யும் உரிமை எல்லாம் அதற்குள் வரும். ஐந்து வருட ஏ.எம்.சி. போட்டு, நடுவில் விலகினால் மீதி முழுத் தொகையும் கட்டு என்று எழுதுகிறவர்கள் அந்தப் பிரிவையும் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவையும் ஒருமுறை வக்கீலிடம் கேட்டுப் படித்துக்கொள்வது நல்லது.

சட்டம் இப்படி இருக்க, நடைமுறையில் சண்டை வருவது இந்த வரிகளால் அல்ல. என் அனுபவத்தில் பெரும்பாலான சண்டைகள் ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டதால் வருபவை.

சோமனூர்ப் பக்கம் ஒரு நூல் குடோன். அலாரம் மாட்டியது நான் இல்லை, எனக்குத் தெரிந்த இன்னொருவர். இரண்டு பக்கமும் பழக்கம் என்பதால் நடுவில் உட்கார வைத்தார்கள். ராத்திரி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றி இறங்கியிருக்கிறார்கள். வண்டி கொண்டுவந்து மூட்டை மூட்டையாக கோன் நூலை ஏற்றிப் போயிருக்கிறார்கள். காலையில் வந்த முதலாளி சொன்ன முதல் வார்த்தை: "பொட்டி ஏன் கத்தல?"

பெட்டி கத்தியிருந்தது. பேனலின் லாக்கை எடுத்துப் பார்த்தோம். இரவு எட்டே காலுக்கு ஆர்ம் செய்திருக்கிறார்கள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு மூன்றாவது ஜோனில் ஆள் நடமாட்டம், உடனே சைரன், ஐந்து நிமிடத்தில் தானாக அடக்கம். இரண்டாம் தடவை மறுபடி ஐந்து நிமிடம். சோமனூரில் ராத்திரி முழுக்க விசைத்தறி ஓடும். நாலா பக்கமும் தறிச் சத்தம் இருக்கும்போது ஷட்டர் மூடிய குடோனுக்குள் சைரன் அடித்தால் தெருவில் போகிறவனுக்குக் கேட்காது. அதற்காகத்தான் டயலர் இருக்கிறது. சைரன் அடித்த மறு நிமிடம் அது முதலாளி வீட்டுக்கு போன் போட வேண்டும். டயலர் நாலு தடவை முயன்று நாலு தடவையும் தோற்றிருந்தது. சிம் கார்டின் வேலிடிட்டி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

முதலாளி கேட்டார்: "ஏனுங்க, வருசா வருசம் நாலாயிரம் வாங்கறீங்க. அந்தக் கார்டுக்குப் பணம் போடறது யாரு வேலைங்க?"

மாட்டியவர் சொன்னார்: "சிம் உங்க அக்கா பையன் பேர்ல இருக்குதுங்ணா. நாங்க எப்படிங் போடறது?"

"அவன் திருப்பூர் போயி ரண்டு வருசமாச்சு. பொட்டிச் சாவி யாருகிட்ட இருக்குது? உங்ககிட்ட. கார்டு தீரப்போகுதுன்னு மெசேஜ் வந்தா எங்க வரும்? அந்தப் பொட்டிக்குள்ள. நா எப்படிப் பாக்கறது, சொல்லுங்."

இரண்டு பேர் சொன்னதும் சரி. ரீசார்ஜ் முடியப்போகிறது என்கிற எஸ்.எம்.எஸ். அந்த சிம்முக்கே வரும், அந்த சிம் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். அதைப் படிக்க ஆள் கிடையாது. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் போர், பூகம்பம், அணு உலை விபத்துக்கெல்லாம் பொறுப்பில்லை என்று இருந்தது. சிம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் லைஃப்டைம் சிம் ஒன்றைப் போட்டுவிட்டால் மறந்துவிடலாம். எங்கள் பகுதியில் பாதிப் பேனல்களுக்குள் ஏர்செல்தான் இருந்தது, சிக்னல் நன்றாகக் கிடைக்கும், விலையும் குறைவு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை படுத்தது. ஊரே கடைகளில் நின்று நம்பரை மாற்றிக்கொண்டது. குடோனுக்குள் இருந்த பெட்டிகளுக்கு அந்தச் செய்தி போகவில்லை. அதே ஆண்டின் கடைசியில் மற்ற கம்பெனிகளும் மாதம் 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு என்று கொண்டுவந்தன. ஒரு வருடத்துக்குள் இரண்டு அடி. அந்த வருடம் டயலர் டெஸ்ட் செய்த ஒவ்வொரு சைட்டிலும் எங்கள் பையன்கள் முதலில் சிம்மைத்தான் கழற்றினார்கள்.

சோமனூர் விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போனது. பதில் எழுதிய வக்கீல் அச்சடித்த நிபந்தனைகளை ஓரமாக வைத்துவிட்டு சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தைக் கேட்டார். அதில் முந்தைய சர்வீஸின் கார்பன் காப்பியில் 'டயலர் சோதனை செய்யப்பட்டது, போன் வந்தது' என்று எழுதி, குடோன் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருந்தார். வழக்கு அதோடு நின்றது. மாட்டியவர் புது டயலர் போட்டுக் கொடுத்தார், இன்சூரன்ஸில் ஒரு பகுதி கிடைத்தது, முதலாளி மனசில்லாமல் சமாதானமானார்.

ஆனால் பார்ட்டி சமாதானமானால் கதை முடிந்தது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்போது ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும். இழப்புக்குக் காரணமானவர் மேல் பார்ட்டிக்கு என்ன உரிமை இருந்ததோ அது கம்பெனி கைக்கு வந்துவிடும். சப்ரோகேஷன் என்பார்கள். 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் இதை விரித்துச் சொல்லியிருக்கிறது. லாரியில் போன நூல் சேதமான வழக்கு அது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, மில்லோடு சேர்ந்து லாரி நிறுவனத்தின் மேல் போனது. செல்லும் என்றார்கள். லாரிக்காரருக்கு நடந்தது அலாரம்காரருக்கும் நடக்கலாம். ஆகவே பார்ட்டியோடு ஒப்பந்தம் போடும்போதே, இன்சூரன்ஸ் வழியாக எங்கள் மேல் வருவதில்லை என்று ஒரு வரி கேட்டு வாங்க வேண்டும். அதோடு அந்த வரியைப் பார்ட்டி தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அவருடைய க்ளெய்மே சிக்கலாகிவிடும். நம் தலையைக் காப்பாற்ற அவர் தலையை உருட்டக் கூடாது.

அடுத்த பெரிய தலைவலி கடிகாரம். கேட்டால் சிரிப்பீர்கள். பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும். பிறகு நீண்ட பவர்கட் வந்தால் பழைய மாடல் பேனல்கள் தேதியை மறந்து முதல் ஜனவரி, பூஜ்ஜிய மணி என்று மறுபடி தொடங்கும். கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆருக்குத் தனிக் கடிகாரம், அது பத்து நிமிடம் முன்னால் ஓடும். எஃப்.ஐ.ஆரில் ஒரு நேரம், அலாரம் லாக்கில் ஒரு நேரம், கேமராவில் ஒரு நேரம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட விருந்து கிடையாது. அதனால் எங்கள் பையன்கள் சர்வீஸ் போனால் முதல் வேலை, போனில் நேரம் பார்த்து இரண்டு கடிகாரத்தையும் சரிசெய்வது. வித்தியாசம் எவ்வளவு இருந்தது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்.

கேமராப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று எல்லா ஸ்டேஷனிலும் பேர்பெற்ற பிரிவு. 2014இல் அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அது கட்டாயம் என்றது. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. இப்போது படிவம் இரண்டு பகுதி. முதல் பகுதியில் கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த நீள எண் மாறிவிடும். இதெல்லாம் நல்ல ஏற்பாடுதான். நடப்பது என்னவென்றால், ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு, "கேமரா மாட்டுனது நீங்கதானே, ரெண்டுலயும் போடுங்க" என்பார்கள். டி.வி.ஆர். யார் கடையில் இருக்கிறதோ அவர்தான் முதல் பகுதிக்கு உரியவர் என்று பணிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் செய்தது பென்டிரைவில் எடுத்துக் கொடுத்தது மட்டும் என்றால், அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆய்வாளர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு புரிந்துகொள்வார்கள். வழக்கு விசாரணைக்கு வரும் வருடத்தில் கூண்டில் நிற்கப்போவது யார் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். "ஒரு மாசம் இருக்குமில்லீங்க?" என்று பார்ட்டி கேட்பார், விற்கிறவர் தலையாட்டுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளுக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. எட்டு கேமரா என்றால் 170 ஜி.பி.க்கு மேல். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஆறு நாளில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். கல்லாவில் பணம் குறைவதைப் பத்தாம் நாள் கண்டுபிடித்தவர் வந்து டி.வி.ஆரைத் தட்டினால் ஒன்றும் இருக்காது. சொன்னது ஒரு மாதம், கொடுத்தது ஆறு நாள் என்றால் அது சேவைக் குறைபாடு. அந்த இடத்தில் எந்தப் பொடி எழுத்தும் உதவாது, உதவவும் கூடாது.

டெக்னீஷியன் விவகாரம் எங்கள் தொழிலுக்கே உரிய பெருஞ்சங்கடம். ஒவ்வொரு பேனலுக்கும் பார்ட்டியின் கோட் ஒன்று, இன்ஸ்டாலர் கோட் ஒன்று. இரண்டாவது கையில் இருந்தால் பேனலின் மொத்தக் குடுமியும் கையில். நிறைய நிறுவனங்கள் எல்லா சைட்டுக்கும் ஒரே இன்ஸ்டாலர் கோட் வைத்திருக்கும், சிலது பெட்டியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்டிருக்கும். பையன் வேலையை விட்டு, எதிர்த் தெருவில் சொந்தக் கடை போடுவான். வேலையில் சேரும்போது, விலகி மூன்று வருடம் இதே தொழில் செய்ய மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கியிருப்பார்கள். அந்தக் காகிதத்தால் பயனில்லை. வேலையை விட்டபின் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. வாடிக்கையாளர் விவரம், கோட் போன்ற ரகசியங்களை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று எழுதி வாங்குவது செல்லும். அதைவிட உருப்படியான வேலை, அவன் போன வாரமே அவன் தொட்ட சைட்டுகளின் கோடை மாற்றுவது. அந்தப் பையனைத் திட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை, நாங்களும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரிடமிருந்து விலகி வந்தவர்கள்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஏ.எம்.சி. புதுப்பிக்கவில்லை என்றாலோ, பாக்கி இருந்தாலோ இன்ஸ்டாலர் கோடை மாற்றிப் பேனலைப் பூட்டிவைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேறு யாரும் வந்து தொட முடியாது. பெட்டிக்கு முழுப் பணம் கொடுத்தவரின் பாதுகாப்பைப் பிணையாக வைத்து வசூல் செய்வது எனக்கு உடன்பாடில்லை. பாக்கிக்கு வேறு வழி உண்டு. குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கடிதம் எழுதலாம், அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள கவுன்சிலுக்குப் போகலாம். பேனலைப் பூட்டிய அன்றைக்கே திருட்டு நடந்தால் எந்த நீதிபதியின் முன்னாலும் நிற்க முடியாது.

மற்ற சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாரம் அடித்தால் எங்கள் ஆளே ஓடிவருவார் என்று விற்கிறவர்கள், காவலாளி அனுப்புவது தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிறது என்பதை மனதில் வைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெட்டியை மாட்டிவிட்டு வருவது வேறு. வீட்டுக் கேமராவைப் போனில் பார்க்கும் வசதி கொடுத்தபின் டெக்னீஷியன் போனில் அந்த இணைப்பு மிச்சமிருக்கக் கூடாது. அது அழிக்கப்பட்டதைப் பார்ட்டி முன்னாலேயே காட்ட வேண்டும். வேலைக்காரர் தங்கும் அறைக்குள்ளோ பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தோ கேமரா வைக்கச் சொன்னால் மாட்ட மாட்டோம் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள், அதில் பேச்சுவார்த்தை வேண்டாம். ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதுங்கள். 20 ரூபாய்ப் பத்திரத்தில் முடிந்தது 2024இல் 200 ரூபாயாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டு வெள்ளைத் தாளில் எழுதினால், நீதிமன்றத்தில் அதை எடுத்துக் காட்டும்போது முத்திரைத் தீர்வையோடு தண்டமும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது நான் போடும் ஒப்பந்தத்தில் ஆங்கிலப் பகுதி வக்கீல் எழுதியது. இன்சூரன்ஸ் இல்லை என்பதும், பொறுப்பின் வரம்பும் அதில் இருக்கின்றன. வரம்பை நான் பூஜ்ஜியமாக வைக்கவில்லை, ஆண்டுக் கட்டணத்தின் சில மடங்கு என்று வைத்திருக்கிறேன். சுத்தமாகக் கைவிரிக்கும் வரியைவிட ஒரு தொகையைச் சொல்லும் வரி நிற்கும் என்று வக்கீல் சொன்னார், எனக்கும் அதுதான் நியாயமாகப்பட்டது. அதற்கு முன்னால் தமிழில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன். யார் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்கும். சிம் யார் பேரில், ரீசார்ஜ் யார் பொறுப்பு, முடியும் தேதி எப்போது. அலாரம் அடித்தால் போன் போகும் மூன்று பேர் யார், அவர்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எடுப்பவர் யார். எந்தக் கதவு, எந்தச் சுவர், எந்தக் கூரைக்கு சென்சார் இல்லை.

கடைசியில் சொன்னது முக்கியம். 2019 அக்டோபரில் திருச்சியில் பெரிய நகைக்கடை ஒன்றின் பின்சுவரில் துளைபோட்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் சுவருக்கு அதிர்வு சென்சார் கேட்டார்கள். அதுவரை கதவுக்கும் ஷட்டருக்கும் போட்டதோடு திருப்தியாக இருந்தவர்கள்தான். செலவைக் குறைக்க ஒரு சுவரை விடச் சொன்னால் விடுகிறேன். ஆனால் 'வடக்குச் சுவர், பாதுகாப்பு இல்லை, நான் வேண்டாம் என்றேன்' என்று அவர் கையால் எழுதித் தர வேண்டும். எழுதும்போது பாதிப் பேர் யோசித்து, "சரி, அதுக்கும் போட்டுருங்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தால் எனக்கு வழக்கைவிட வியாபாரத்தில்தான் லாபம் அதிகம்.

அந்தப் பக்கத்துக்கு வழக்கறிஞர்கள் பெரிதாக மதிப்புத் தருவதில்லை, சட்டச் சொல் ஒன்றுமில்லை என்பார்கள். தந்தால் நல்லது. நுகர்வோர் ஆணையத்தில் உட்காரும் உறுப்பினருக்கும், இன்சூரன்ஸ் சர்வேயருக்கும், ஸ்டேஷன் ஏட்டுக்கும் ஒரே நிமிடத்தில் புரிவது அந்தப் பக்கம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் கடையோ குடோனோ பூட்டிய வீடோ வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் அலாரம்காரரை இந்த வாரம் கூப்பிட்டு, உங்கள் எதிரிலேயே ஒருமுறை அலாரத்தை அடிக்கவிடச் சொல்லுங்கள். உங்கள் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால், தேதியும் நேரமும் போட்டு அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஒரு காப்பியை வாங்கி இன்சூரன்ஸ் பாலிசியோடு வையுங்கள். அடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் சிம்மாகத்தான் இருக்கும்.